கழிப்பறையில் ஒரு நெம்புகோல்

காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கப் போகும் வரை நீங்கள் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறீர்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணியிருக்க மாட்டீர்கள். எளிதாக நடக்கும் செயலை யாரும் எண்ணுவதில்லை. அது கடினமாகும்போதுதான் ஒவ்வொரு முறையும் கணக்கில் வருகிறது.

எங்கள் வீட்டில் அப்படி எண்ணியவர் என் தாயார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் செக்கிங் மேசையருகே நின்று வேலை பார்த்தவர். இப்போது வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். சென்ற ஆண்டு கோடையில் அவருக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சலில் படுத்தார். “தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“தண்ணி குடிச்சா அங்க போகோணும். போனா எந்திரிக்க முடியறதில்லை சாமி. அதனால மத்தியானத்துக்கு மேல குடிக்கறதை உட்டுட்டேன்.”

எங்கள் கழிப்பறையில் இருந்தது தரையோடு தரையாகப் பதித்த பழைய கோப்பை. அதில் குந்தி எழுவதற்கு அஞ்சியே அவர் தண்ணீரைக் குறைத்திருக்கிறார். நானோ கல்லூரியில் ஆண்டுதோறும் நெம்புகோல் தத்துவத்தை நடத்துகிறவன். வீட்டிலேயே ஒரு நெம்புகோல் சங்கடப்பட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை!

கழிப்பறையைப் பற்றி அறிவியல் கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உயரமான கோப்பை ஏன் தேவைப்படுகிறது, எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேலையா, விசையா?

முதலில் எல்லோருக்கும் தோன்றும் விடை: “கீழே இருந்து எழுந்தால் அதிக வேலை, உயரத்திலிருந்து எழுந்தால் குறைந்த வேலை.” இது சரிதானா?

என் தாயாரின் எடை 50 கி.கி. அவர் நிற்கும்போது இடுப்பு மூட்டு தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. எழும்போது பாதமும் கெண்டைக்காலும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொடை பாதி உயரந்தான் ஏறுகிறது. இவற்றைக் கழித்துப் பார்த்தால், சுமார் 40 கி.கி. நிறையை, அதாவது 400 நியூட்டன் எடையை, மேலே தூக்குவதாகக் கொள்ளலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம்.

தரைக் கோப்பையில் குந்தியிருக்கும்போது இடுப்பு ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். எழ வேண்டிய உயரம் 60 செ.மீ. செய்யும் வேலை 400 × 0.60 = 240 ஜூல்.

40 செ.மீ. உயரமுள்ள சாதாரண வெஸ்டர்ன் கோப்பையிலிருந்து எழ வேண்டிய உயரம் 35 செ.மீ. வேலை 140 ஜூல்.

45 செ.மீ. உயரமுள்ள கோப்பையென்றால் 30 செ.மீ. வேலை 120 ஜூல்.

ஆக, குந்துவதைவிட உயரமான கோப்பையில் வேலை சரிபாதி. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். தேநீரில் போடும் ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையில், அதாவது 5 கிராமில், சுமார் 84,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. நம் தசைகள் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன என்று வைத்துக்கொண்டாலும் 21,000 ஜூல் கிடைக்கும். அதைக் கொண்டு தரைக் கோப்பையிலிருந்து எண்பது தடவைக்கு மேல் எழலாம்! அப்படியானால் அம்மாவுக்கு ஒரு தடவை எழுவதே ஏன் முடியாமற் போயிற்று?

இங்கேதான் பல மாணவர்கள் தவறுகிறார்கள். வேலை வேறு, விசை வேறு. ஆற்றல் எவ்வளவு இருந்தாலும், அந்த ஒரு கணத்தில் தேவைப்படும் விசையைத் தசை தர முடியவில்லையென்றால் உடல் அசையாது. ஆகவே நாம் ஜூலை விட்டுவிட்டுத் திருப்புத்திறனைப் பார்க்க வேண்டும்.

முழங்கால் என்னும் நெம்புகோல்

ஒரு விசையின் திருப்புத்திறன் என்பது விசையையும், ஆதாரப் புள்ளியிலிருந்து அந்த விசையின் நேர்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்கி வருவது. கிணற்று ஏற்றத்திலும், தராசிலும், பாக்குவெட்டியிலும் இதைப் படித்திருப்பீர்கள். முழங்காலும் அத்தகையதே. மூட்டுதான் ஆதாரப் புள்ளி.

ஒரு பக்கம் பளு. முழங்காலுக்கு மேலுள்ள உடலின் எடை. கெண்டைக்கால்களும் பாதங்களும் உடல் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதைக் கழித்தால் 50 கி.கி. உடலில் 44 கி.கி. மேலே இருக்கிறது. அதாவது 440 நியூட்டன். தொடை தரைக்கு இணையாக இருக்கும் நிலையில், உடலைச் சற்று முன்னால் சாய்த்துக்கொண்டாலும், இந்த எடையின் கோடு முழங்காலுக்குச் சுமார் 20 செ.மீ. பின்னால் விழுவதாகக் கொள்வோம்.

மறுபக்கம் திறன். தொடையின் முன்புறத் தசை, முழங்காற் சில்லின் மேலாக வந்து கெண்டைக்கால் எலும்பை இழுக்கிறது. சில்லு ஒரு கப்பியைப் போல அந்தத் தசைநாணை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துகிறது. அப்படியும் அந்தத் தூரம் சுமார் 4 செ.மீ. தான்.

பளுவின் புயம் 20, திறனின் புயம் 4. ஐந்துக்கு ஒன்று. எனவே தசைகள் 440 × 5 = 2,200 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். இரண்டு கால்களும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 1,100 நியூட்டன். அதாவது 110 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை! ஐம்பது கிலோ உள்ள ஒரு முதிய பெண்மணியின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு நெல்மூட்டைக்கு மேல் சுமக்கிறது. இந்த இழுவிசையே சில்லை மூட்டோடு அழுத்துகிறது. தேய்ந்த மூட்டில் வலி எடுப்பதில் வியப்பில்லை.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. தொடை தரைக்கு இணையாக இருக்கும்போதுதான் இடுப்பு முழங்காலிலிருந்து மிக அதிகத் தூரம் பின்னால் இருக்கிறது. புயமும் அங்கேதான் மிக நீளம். ஆகவே எழும் பாதையில் அதுவே மிகக் கடினமான இடம். கையில் கடிகாரச் சங்கிலியைப் பிடித்துக் கணக்கிட வேண்டியதில்லை. பளு தூக்குகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

தரைக் கோப்பையில் குந்துகிறவர் இந்தக் கடினமான இடத்தைக் கீழிருந்து வந்து கடக்க வேண்டும். சாதாரண வெஸ்டர்ன் கோப்பையில் அமர்கிறவர் ஏறத்தாழ அந்த இடத்திலிருந்தே புறப்பட வேண்டும். அதைவிடச் சற்று உயரமான கோப்பையில் அமர்கிறவரோ அந்த இடத்தைத் தாண்டியே அமர்ந்திருக்கிறார்! மேலும், இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருந்தால் வயிறு தொடையில் இடிக்காது. உடலை முன்னால் சாய்ப்பது எளிது. சாயச் சாய எடையின் கோடு முழங்காலை நெருங்குகிறது.

20 செ.மீ. புயம் 15 செ.மீ. ஆகக் குறைந்தால் ஒவ்வொரு காலின் விசை 1,100லிருந்து 825 நியூட்டனாகிறது. அதோடு கைப்பிடியை ஊன்றிக் கைகள் 10 கி.கி. எடையைத் தாங்கினால் 640 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு குறைவு.

இது வெறும் தாள் கணக்கன்று. நெதர்லாந்தைச் சேர்ந்த ஜான்சன், புஸ்மன், ஸ்டாம் என்ற மூன்று ஆய்வாளர்கள், இருக்கையிலிருந்து எழுவதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2002இல் வெளியிட்டார்கள். இருக்கையை உயர்த்தினால் முழங்காலின் திருப்புத்திறன் 60 விழுக்காடு வரையிலும், இடுப்பின் திருப்புத்திறன் 50 விழுக்காடு வரையிலும் குறைகிறது என்று அதில் காட்டியிருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

சோதனை 1. ஒரு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாதங்களை முன்னால் வைத்து உட்காருங்கள். உங்கள் நண்பன் ஒரே ஒரு விரலை உங்கள் நெற்றியில் வைத்து அழுத்தட்டும். இப்போது எழ முயலுங்கள். முடியாது! உங்கள் ஈர்ப்பு மையம் நாற்காலியின் மேல் இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு பாதங்களுக்குள் விழுந்தால்தான் எழ முடியும். தலையைச் சாய்க்க விடாமல் ஒரு விரல் அதைத் தடுத்துவிட்டது. எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து முன்னால் சாய்கிறோமே, அதன் காரணம் இதுதான்.

சோதனை 2. உங்கள் முழங்கால்கள் இளமையானவை. உயர வேறுபாடு எளிதில் தெரியாது. எனவே கைகளைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலால் எழுந்து பாருங்கள். அருகில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். முதலில் தாழ்வான முக்காலி, பிறகு நாற்காலி, பிறகு நாற்காலியின் மேல் இரண்டு தடித்த புத்தகங்கள். எந்த உயரத்தில் திடீரென்று எளிதாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒற்றைக் காலுக்கு இருக்கும் சிரமந்தான் உங்கள் பாட்டியின் இரண்டு கால்களுக்கும் தினந்தோறும் இருக்கிறது.

எவ்வளவு உயரம்?

மத்திய அரசு 2016இல் வெளியிட்ட, யாவரும் அணுகத்தக்க கட்டடங்களுக்கான ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகள், கோப்பையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. வரை இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவின் கட்டட விதிகளில் இது 17 முதல் 19 அங்குலம். ஏறத்தாழ அதே அளவு.

அப்படியானால் கடைக்குப் போய் இருப்பதிலேயே உயரமானதை வாங்கிவிடலாமா? நானும் அப்படித்தான் புறப்பட்டேன். ஆனால் நாம் இருப்பது திருப்பூர். ஒரே சைஸ் பனியன் எல்லோருக்கும் பொருந்தாது என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பனியனுக்கு அளவு பார்க்கிற நாம் கோப்பைக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

இஞ்ச் டேப்பை எடுத்து அம்மாவை நாற்காலியில் அமர்த்தி, பாதத்தைத் தரையில் பதித்து, முழங்காலின் பின்புறக் குழிவு வரை அளந்தேன். 38 செ.மீ. இந்தக் குழிவின் உயரத்தோடு சுமார் 5 முதல் 7 செ.மீ. கூட்டினால் போதும் என்று நாற்காலியில் அட்டைகளை அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. அவருக்கு 45 செ.மீ. சரி. 48 வைத்தபோது குதிகால் தரையை விட்டு எழும்பியது. அது தவறு. கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். எழும்போது ஊன்ற இடமும் இராது.

உயரம் கூடக்கூட இன்னொரு நட்டமும் உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த சிகிரோவ் என்ற மருத்துவர் 28 பேரைக் கொண்டு செய்த ஆய்வை 2003இல் வெளியிட்டார். குந்தி அமர்ந்தபோது மலம் கழிக்கச் சராசரியாக 51 வினாடி ஆயிற்று. சாதாரண வெஸ்டர்ன் கோப்பையில் 130 வினாடி. குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகி வழி எளிதாகிறது. ஆகவே நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கு நம் பழைய முறை குறைவானதன்று. முழங்கால் இடங்கொடாதபோதுதான் உயரம் தேவை. அப்போதும் தேவைக்கு மேல் வேண்டியதில்லை.

கொத்தனாரின் மேடை

40 செ.மீ. கோப்பையை வாங்கி, அதன் அடியில் 5 செ.மீ. மேடை கட்டி உயர்த்துவது என்று முடிவு செய்தோம். நான் கல்லூரிக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. “நீங்க சொன்ன மாதிரியே மேடை கட்டிட்டனுங்க சார்” என்றார் கொத்தனார். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், துல்லியமாக இருந்தது. அம்மாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். எழ முடியவில்லை.

காரணம் என்னவென்று ஊகிக்கிறீர்களா? மேடை அகலமாக இருந்தது. கோப்பையோடு சேர்ந்து அம்மாவின் பாதங்களும் மேடையின் மேலேயே இருந்தன! கோப்பை 5 செ.மீ. உயர்ந்தது, பாதமும் 5 செ.மீ. உயர்ந்தது. இரண்டுக்கும் இடையே இருந்தது பழைய 40 செ.மீ. தான். உயரம் என்பது சார்பானது. அதை எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பதே கேள்வி. பிழை கொத்தனாருடையதன்று; “தரையிலிருந்து” என்று மட்டும் சொல்லி, “பாதம் ஊன்றும் தரையிலிருந்து” என்று சொல்லாத என்னுடையது. மறுநாள் மேடையைக் கோப்பையின் அடிப்பாகத்தின் அளவுக்குச் செதுக்கினோம். கொத்தனார் சிரித்துக்கொண்டே கூலியில் பாதி நாளைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். நான் கழிக்கவில்லை.

கவனிக்க வேண்டிய இன்னும் சில:

கைப்பிடிக் கம்பி: துண்டு போடும் கம்பி துண்டைத் தாங்கத்தான். கால் இடறும்போது உடலின் முழு எடையும் ஒரு கணத்தில் கம்பியில் விழும். எனவே டைல்ஸில் மட்டும் நில்லாமல் சுவரின் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டுகள் வேண்டும். கம்பியின் விட்டம் 3 முதல் 4 செ.மீ. இருந்தால் விரல்கள் நன்றாகச் சுற்றிப் பிடிக்கும்.

தரை: வழவழப்பான டைல்ஸில் சோப்பு நீர் படிந்தால் உராய்வு மிகவும் குறைந்துவிடும். பாதம் முன்னே நழுவினால் நாம் போட்ட கணக்கெல்லாம் வீண். சொரசொரப்பான தரை வேண்டும்.

கதவு: உட்புறமாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாது. வெளிப்புறமாகத் திறப்பதே பாதுகாப்பு. கதவைக் கழற்றித் திருப்பி மாட்டலாம்.

தரையை உடைக்க முடியாதவர்கள் என்ன செய்வது? திருப்பூரில் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் வீட்டுக்காரருடையது. அங்கே, நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலியைத் தரைக் கோப்பையின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம்; வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். கால்களின் உயரத்தை மாற்றக்கூடிய நாற்காலியாகப் பார்த்து வாங்குங்கள். கால்கள் அகன்று இருந்தால் ஆதாரப் பரப்பு கூடும், கவிழாது. நான்கு கால்களிலும் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் அந்தப் பொறுப்பு நம்முடையது.

எங்கள் வீட்டில் வேலை முடிந்து ஓராண்டாகிறது. முழங்கால் வலி தீர்ந்துவிடவில்லை. தேய்ந்த மூட்டை இயற்பியல் வளர்க்காது. ஆனால் அம்மா இப்போது தம் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு படுக்கிறார். காலையில் அது காலியாக இருக்கிறது. தொற்று மீண்டும் வரவில்லை.

விடை காணுங்கள்

1. 60 கி.கி. எடையுள்ள ஒருவருக்கு முழங்காலுக்கு மேலுள்ள எடை உடல் எடையில் 0.88 பங்கு என்று கொள்க. பளுவின் புயம் 20 செ.மீ., திறனின் புயம் 4 செ.மீ. ஒவ்வொரு காலின் தசையும் தர வேண்டிய விசை எவ்வளவு? கைகள் 15 கி.கி. தாங்கினால் எவ்வளவு?

2. எடை பார்க்கும் கருவியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, அதைக் கையால் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுங்கள். உங்கள் கை எத்தனை கிலோவைத் தாங்குகிறது?

3. உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் முழங்கால் குழிவின் உயரத்தையும், அவர்கள் நாள்தோறும் அமரும் கட்டில், நாற்காலி, கழிப்பறைக் கோப்பை ஆகியவற்றின் உயரத்தையும் அளந்து அட்டவணை எழுதுங்கள். எழுதியபின், “ராத்திரி தண்ணி குடிக்கிறீங்களா?” என்று அவர்களிடம் ஒரு முறை கேளுங்கள்.